நீ நிறுத்தச் சொன்ன மாத்திரை

சரவணா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. சாப்பாட்டு மேஜை மேல் விரித்து, பறக்காமல் இருக்கத் தண்ணீர்ச் சொம்பை மேலே வைத்துவிடுவேன். அம்மா படிக்கலாம், நிவேதா படிக்கலாம், மாடி வீட்டு ராணியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடுகிறது. எழுத்து கோணலாக இருக்கிறது, நான் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்று வந்து நிற்காதே. அப்படியே படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நீ வழக்கம்போல என்னை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் சோப்பு தடவிக்கொண்டிருந்தாய். நிவேதா உங்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் கட்டிலின் மேல் பரப்பி வைத்திருந்தாள். பரப்பிக்கொண்டே கேட்டாள்: "ஜெர்மனிக்கு பதில் எழுதிட்டீங்களா? அடுத்த மாசம் பத்தாம் தேதிதானே கடைசி?" நீ பிரஷ்ஷைக் குவளையில் கலக்கிக்கொண்டே இருந்தாய். அவள் விடுகிற பெண் இல்லை. மந்தைவெளிப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்க்கிறவள். "காரணம் சொல்லுங்க. நானும் கூட வரேன்னு சொல்லிட்டேன். அத்தை போகச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன?" என்றாள்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நைனாவ இப்படி ஆக்கினது நான்தான் நிவி. ஊரடங்கு அப்போ பிரஷர் மாத்திரைய நிறுத்தச் சொன்னேன். அவரு நிறுத்திட்டாரு. ஸ்ட்ரோக் வந்துச்சு. இவர இப்படி உட்கார வச்சிட்டு அதே என்ஸைம ஆராய்ச்சி பண்ண நான் ஜெர்மனிக்குப் போவேனா?" அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. அடுக்களை வாசலில் நின்ற அம்மா கீழே பார்த்தாள். ஐந்து வருடமாக இந்த வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் கீழேதான் பார்க்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன். "மாத்திரை" என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே வந்தது "டிக்கெட்டு". மறுபடியும் முயற்சி செய்தேன். "நான்... நான்... டிக்கெட்டு... முன்னாடியே" என்று வந்தது. அம்மா ஓடிவந்து, "இன்னாயா டிக்கெட்டு? யாருக்கு டிக்கெட்டு?" என்றாள். நிவேதா, பாவம், நல்ல மனதோடு, "ஃபிளைட் டிக்கெட்டா மாமா? இன்னும் போடல" என்றாள். நான் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தேன். நீ என் தோளைத் தட்டி, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல் உரக்க, "பரவால்ல நைனா, டென்ஷன் ஆவாத, நான் எங்கியும் போகல" என்றாய். சோப்பு நுரை என் வாய்க்குள் போயிற்று. இருபத்தெட்டு வருடம் பஸ்ஸின் பின் படிக்கட்டிலிருந்து முன் படிக்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்த கண்டக்டர் நான். என் வீட்டில், என் மகனிடம், ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. பேசும்போது சொல்லுக்காக நான் காத்திருந்தால் எதிரில் இருப்பவர்கள் காத்திருப்பதில்லை. தங்களுக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். காகிதம் அப்படி முந்திக்கொள்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் படிப்பு எனக்கு முதலில் எப்படிப் புரிந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஊரடங்குக்கு முந்தைய பொங்கலுக்கு ஐதராபாத்திலிருந்து வந்திருந்தாய். ஒரு வண்ணப் படத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாய். நாடா நாடாவாகச் சுருண்டு, பார்ப்பதற்குக் கல்யாண மண்டபத்து ஜரிகைத் தோரணம்போல இருந்தது. "இன்னாடா இது?" என்றேன். "இதத்தான் நைனா மூணு வருஷமா பாத்துக்கினு கீறேன்" என்றாய். பிறகு நான் நினைவுக்காக வைத்திருந்த பழைய டிக்கெட் கட்டிலிருந்து பத்துச் சீட்டை ஒரே வரிசையாகப் பிரித்து எடுத்து மேஜையில் நீட்டி வைத்தாய்.

ரத்தத்தில் இப்படிப் பத்து மணி கோத்த சரம் ஒன்று ஓடுகிறது என்று சொன்னாய். அண்ணன் நொதி ஒன்று இருக்கிறது, அது கடைசி இரண்டு மணியைக் கிள்ளி எட்டாக்குகிறது. அந்த எட்டு மணிச் சரம் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும், பிரஷர் ஏறும். தம்பி நொதி வந்து அந்த எட்டிலிருந்து இன்னும் ஒன்றைக் கிள்ளும். ஏழானதும் அதே சரம் குழாயைத் தளர்த்திவிடும். "கண்டக்டர் வேலைதான் நைனா. ஒரே ஒரு சீட்டு கிழிக்கிறதுல மொத்தப் பயணமும் மாறுது" என்று சிரித்தாய். சுவரில் ஒட்டிய படம் அந்தத் தம்பிதான் என்று அதன் உருவத்தையும் சொன்னாய். செல்லின் தோலில் கால் ஊன்றி, வெளியே தலை நீட்டி நிற்கும். தலை திறந்த சிப்பி மாதிரி இரண்டு பாகம். நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு துளி துத்தநாகம். சரம் உள்ளே வந்ததும் சிப்பி மூடிக்கொள்ளும், கடைசி மணி வெட்டுப்படும், மறுபடியும் திறக்கும். நுரையீரல், இதயம், சிறுநீரகம், குடல் என்று எல்லா இடத்திலும் அது நிற்கிறது என்றாய். முன்பு ஒரு வைரஸ் வந்தபோது அந்தச் சிப்பியின் வாயைத் தொடாமல், வெளி விளிம்பைப் பற்றிக்கொண்டுதான் செல்லுக்குள் போயிற்று என்றும் சொன்னாய். "உடம்புக்கு நல்லது பண்றதுக்காக நிக்குது. அவன் அதப் புடிச்சிக்கினு உள்ள போறான். போறப்ப இதையும் சேத்து உள்ள இழுத்துக்கினு பூடுறான். இப்ப யாரும் இத கண்டுக்கறதில்ல நைனா." அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்தப் படத்தையும் நீயே கிழித்துப் போட்டுவிட்டாய்.

நீ ஐதராபாத்துக்குத் திரும்பிய பிறகு எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறது என்று தெருமுனை டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நீ சொன்ன அந்த அண்ணன் நொதியின் வாயை அடைக்கிற மாத்திரை. அப்போது எனக்கு அது தெரியாது. வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, அவ்வளவுதான் தெரியும். பத்துப் பதினைந்து நாளில் இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் யாரோ இறகால் வருடுகிற மாதிரி ஒரு அரிப்பு. இருமினால் நிற்காது. பழைய பீடி இருமல் திரும்பி வந்துவிட்டது என்று நானும் அம்மாவும் நினைத்துக்கொண்டோம்.

அதற்குள் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. அந்தச் சமயத்தில் இருமுவது என்றால் என்ன என்று உனக்குச் சொன்னால் புரியாது. நீ ஹாஸ்டல் அறையில் தனியாக இருந்தாய். நாங்கள் ராயப்பேட்டைச் சந்தில், நாலு குடித்தனத்துக்கு ஒரு அடிபம்பு வைத்துக்கொண்டு இருந்தோம். நான் குடத்தோடு போனால் வரிசை கலைந்துபோகும். ரேஷன் கடையில் ஒரு இளவட்டம், "பெருசு, தள்ளிப் போய் இருமு" என்றான். பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை தூக்கி வருகிற மீன்காரம்மா, பதினைந்து வருடப் பழக்கம், எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் கூடையை இறக்கினாள். யாரோ தகவல் சொல்லி மாநகராட்சி ஆட்கள் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். நோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் முடிவு வருகிறவரைக்கும் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்த பிறகும் பசை போகவில்லை. ராணியம்மா மாடியிலிருந்து, "மல்லிகா, உன் வீட்டுக்காரர உள்ளயே வச்சிக்க. எங்க வூட்ல கொழந்த கீது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி எழுதப் போவதை நிறுத்தி நிதானமாகப் படி. ஒருநாள் காலையில் மாத்திரை போட மறந்துவிட்டேன். மறுநாளும் மறந்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து, இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி தோன்றியது. அது நிஜமா, என் ஆசையா, தெரியாது. மூன்றாவது நாளுக்குப் பிறகு நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். நான் மறப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவே நேரம் தவறாமல் மாத்திரையைக் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். இருபத்தெட்டு வருடம் விரலிடுக்கில் டிக்கெட்டையும் நோட்டையும் மடித்து வைத்துப் பழகிய கை. வாய்க்குக் கொண்டுபோவேன், தண்ணீர் குடிப்பேன், மாத்திரை விரலிடுக்கிலேயே இருக்கும். வீட்டில் ஒரே ஒரு குளியலறை, ஒரே ஒரு குப்பைக்கூடை. எதில் போட்டாலும் அம்மா கண்ணில் படும். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் பழைய தோல்பையில் போட்டேன். பத்து நாளில் இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. அடிபம்பில் ராணியம்மா என்னைப் பார்த்து, "இன்னா மாமா, தேவலையா?" என்று கேட்டாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பதவி உயர்வு வந்த அன்றைக்குக்கூட அப்படிச் சந்தோஷப்படவில்லை.

நீ என்னோடு அந்த மாத்திரையைப் பற்றிப் பேசியது அதற்குப் பிறகு. பத்து நாள் கழித்து, சரவணா. பத்து நாள் கழித்து. போன் செய்தது யார்? நான். பேச்சை எடுத்தது யார்? நான். "ஏண்டா, பிரஷர் மாத்திரை போட்டா அந்தக் கிருமிக்கு உடம்புல கதவு ஜாஸ்தியாவுதுனு போன்ல ஒண்ணு வந்துச்சே, மெய்யா? உன் என்ஸைமுனு போட்டிருக்கான்" என்று கேட்டேன். "அப்படி ஒரு சந்தேகம் கீது நைனா. அண்ணன அடைச்சா தம்பி எண்ணிக்கை கூடலாம்னு எலிங்கள்ல பாத்து சொல்றாங்க. மனுசனுக்கு ஒருவேள இருக்கலாம், இல்லாமலும் போவலாம்" என்றாய். நான் விடவில்லை. "அப்ப நிறுத்திடவா?" என்று நானே வாயைக் கொடுத்தேன். நீ, "ரெண்டு நாள் வேணா நிறுத்தி வை. நான் கேட்டுச் சொல்றேன்" என்றாய். எனக்கு அது போதும். ஏற்கெனவே செய்துவிட்ட காரியத்துக்கு, படித்த மகன் வாயால் ஒரு அனுமதி.

நாலாவது நாள் நீயே கூப்பிட்டாய். பதறிப்போய்ப் பேசினாய். "நைனா, நான் சொன்னது தப்பு. மாத்திரைய நிறுத்தவே கூடாதுனு பெரிய டாக்டருங்க எல்லாம் சொல்லிட்டாங்க. இன்னிக்கே போடு" என்றாய். "சரிடா" என்றேன். அடுத்தடுத்து எத்தனை முறை கேட்டாய்! ஒவ்வொரு முறையும் "போட்டுட்டேன்" என்றேன். போடவில்லை. கிருமிக்குப் பயந்து இல்லை. உன் பேச்சை நம்பியும் இல்லை. இருமல் திரும்பி வந்துவிடும் என்கிற ஒரே பயம்தான். இருமல் இருந்த நாட்களில், போனில் உன்னோடு பேசும்போதுகூட இருமல் வந்தால் வாயைத் துண்டால் பொத்திக்கொள்வேன், நீ பயப்படுவாய் என்று. எதை நினைத்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது தெரியுமா? "இருமல் வருதுடா" என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அந்த நிமிடமே கண்டுபிடித்திருப்பாய். அந்த அண்ணன் நொதி சரத்தைக் கிள்ளுவதோடு இன்னொரு பொருளையும் சிதைக்கிறது, அதன் வாயை அடைத்தால் அந்தப் பொருள் நெஞ்சுக்குள் தேங்கி இருமலைக் கிளப்புகிறது என்று ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு சொன்னார். உனக்கு அது பாலபாடம். நாட்டில் எத்தனையோ அப்பன்களுக்கு அப்படி ஒரு மகன் இல்லை. எனக்கு இருந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நன்றாக விடிந்த காலை நேரம். குடத்தைத் தூக்கினேன், வலது கை தூக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன், குரல் வந்தது, சொல் வரவில்லை. நீ இ-பாஸ் வாங்கி, காய்கறி லாரியிலும் காரிலுமாக மாறி மாறி இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாய். அதற்குள் அம்மா என் மருந்துச் சீட்டைத் தேடி அந்தத் தோல்பையைத் திறந்து மாத்திரைகளைப் பார்த்துவிட்டாள். ஒரு பிடி மாத்திரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உன்னைக் கேட்டதும் நீ சொன்னதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என் காதில் விழுந்தது.

"இத்தினி நாளா துன்னாம வச்சிருக்காருடா. ஏன்டா?"

"நான்தான்மா நிறுத்தச் சொன்னேன். அப்புறம் போடச் சொன்னேன். மொதல்ல சொன்னது மனசுல தங்கிடுச்சிபோல. பயந்துட்டாரும்மா."

"படிச்சிட்டு வந்து அப்பன் வாய அடைச்சிட்டியேடா" என்று அம்மா உன்னை அறைந்தாள். நீ அசையாமல் நின்றாய்.

யாராவது அந்த மாத்திரைகளை எண்ணியிருந்தால் போதும். நாம் போனில் பேசிய நாளுக்கும் அந்த மாத்திரைகளுக்கும் கணக்கு ஒத்துவராது. பத்து மாத்திரை கூடுதலாக இருந்தது. யாரும் எண்ணவில்லை. அம்மா எல்லாவற்றையும் வார்டுக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த வாரமே, நீ வெளியே போயிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவிடம், "இருமல் இருந்துச்சாம்மா? அந்த மாத்திரைக்குச் சில பேருக்கு வரும். இருமல் வராத மாத்திரை இருக்கே, சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பாங்களே" என்றார். எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன். ஒரு இருமல் இல்லை.

முதல் வருடம் எனக்குப் பேச்சு இல்லை. அதை விட்டுவிடு. இரண்டாவது வருடம் திக்கித் திணறி நாலு சொல் வந்துவிட்டது. மூன்றாவது வருடம் பால்காரனிடம் சண்டையே போட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இந்த மூன்று வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், வருகிற பதில் எனக்கே பிடிக்கவில்லை. உன் குற்ற உணர்ச்சியில் எனக்குச் சௌகரியம் இருந்தது. படிப்பை இழுத்துப்பிடித்து முடித்த கையோடு ஐதராபாத்தை விட்டுவிட்டு அடையாறில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், தண்ணீர் சுத்தமா என்று பார்க்கிற வேலையில் சேர்ந்தாய். ஞாயிறு தவறாமல் சவரம் செய்துவிட்டாய். சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனாய். எந்த அப்பனுக்குக் கிடைக்கும்? அம்மாவும், மகன் பேச்சை நம்பி விழுந்தவர் என்று என்மேல் ஒரு சுடுசொல் சொல்லாமல் தூக்கி உட்காரவைத்தாள். நிஜம் தெரிந்தால், ஊருக்குப் பயந்து தன் கையால் கெட்டவன் என்று தெரிந்தால், அந்தக் கையின் பதம் மாறிவிடுமோ என்று பயந்தேன். ஒரு பக்கம் செத்துப்போன உடம்போடு கிடக்கிறவனுக்குப் பயங்கள் சின்னதாக இருப்பதில்லை.

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பயமா என்று என்னிடம் ஒருமுறைகூட நீ கேட்கவில்லை. பயந்தார் என்று நீயே முடிவுகட்டிக்கொண்டாய். ஆராய்ச்சிக்காரன் என்கிறாய், கண்ணெதிரில் இருந்த மாத்திரையை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லையே உனக்கு? தடுப்பூசி போடலாமா என்று தெருவில் உன்னைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். உனக்கு நன்றாகத் தெரியும். எதற்குமே "ஒருவேளை" என்ற சொல்லை இப்போதெல்லாம் நீ சொல்வதில்லை, கவனித்தேன். அந்தச் சொல்லை நீ அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னாய். தெரியாததைத் தெரியாது என்றாய், விசாரித்தாய், தப்பு என்றதும் கூப்பிட்டு ஒப்புக்கொண்டாய். அந்த மாத்திரையால் யாருக்கும் கிருமி அதிகம் தொற்றவில்லை என்று பிறகு சரிபார்த்தும் சொல்லிவிட்டார்கள், நீயே அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். உன் தொழில் அப்படித்தானே நடக்கும்? நீ சொன்னது நாலு நாள் தப்பாக இருந்தது. நான் சொன்னது ஐந்து வருடம் பொய்யாக இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நிவேதாவிடம் உடம்பு விஷயத்தில் எதையும் ஒளிக்காதே. பெரிய நோயை யாரும் ஒளிக்க முடியாது, அது தானே வெளியே வந்துவிடும். இருமல், அரிப்பு, வாயு, மூலம், இதையெல்லாம் சொல்லத்தான் கூச்சப்படுவோம். அதைச் சொல்லு. அவள் சிரித்தால் சிரிக்கட்டும். அவளும் உன்னிடம் சொல்கிற மாதிரி நடந்துகொள். அவள் சொல்ல ஆரம்பிக்கும்போது பாதியில் புகுந்து வாக்கியத்தை முடித்து வைக்காதே. என்னிடம் அதைத்தான் ஐந்து வருடமாகச் செய்கிறாய்.

மேலே உள்ள பக்கங்களை எழுதி முடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். நேற்று முன்தினம் அம்மா உறை மாற்ற வந்தவள் எடுத்துப் படித்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரலால் வரி வரியாகத் தடவி, உதட்டை அசைத்துக்கொண்டு படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு முழுக்கப் பாத்திரம் உருண்ட சத்தம்தான் கேட்டது. மத்தியானம் சோற்றுத் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தாள். சாயங்காலம் வந்து எதிரில் நின்றாள்.

"இன்னாயா மனுசன் நீ? இருமலுக்கா? ஒரு இருமலுக்கா?" என்றாள். "எங்கையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ராணி வாயக் கிழிச்சி அந்த பம்புலயே கட்டித் தொங்கவுட்டிருப்பேனேயா. நீ வாயே தொறக்கலனு நானும் கம்முனு இருந்தேன்." பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "புள்ளைய அறைஞ்சேனேயா நானு. ஆஸ்பத்திரில அத்தினி பேரு பாக்க அறைஞ்சேன். வாங்கிக்கினு நின்னான்."

நான் அப்போது பேசினேன், சரவணா. மெதுவாகத்தான். அவள் என் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை, இடையில் புகவில்லை, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு காத்திருந்தாள். "நான்தான். நானே. நிறுத்தினேன். மாத்திரைய." மாத்திரை என்றுதான் வந்தது. அவள், "தெரிஞ்சிச்சி. இத அவங்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, என் வலது கையை எடுத்து மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். எப்போதையும்விட அழுத்தித் தேய்த்தாள், வலித்தது. கொஞ்சம் கழித்து, "ஜெர்மனில ரொம்பக் குளிராமே, அந்தப் பொண்ணு தாங்குவாளா?" என்று கேட்டாள். மறுநாள் மாடிக்குப் போய் ராணியம்மாவோடு அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஐந்து வருடம் கழித்துப் போடுகிற சண்டை ராணியம்மாவுக்குச் சரியாகப் புரிந்திருக்காது. ஆனால் அம்மாவுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

நாளைக்கு ஞாயிறு. நீ வந்ததும் பிரஷ்ஷை எடுக்காதே. முதலில் இதைப் படி. படித்துவிட்டு உனக்குக் கோபம் வர வேண்டும். வராவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். "பரவால்ல நைனா" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த வார்த்தையை ஐந்து வருடமாகக் கேட்டுச் சலித்துவிட்டேன், எனக்கு அதில் உரிமையும் இல்லை. கத்து. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போ. நாலு ஞாயிறு வராதே, தெருமுனை சலூன்காரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன், அவன் உன்னைவிட நன்றாகச் சிரைப்பான். கல்யாணத்தன்றைக்கு மேடையில் என் காலில் விழமாட்டேன் என்றாலும் சரி.

ஒன்று மட்டும் முதலில் செய். கோபம் தலைக்கு ஏறுவதற்கு முன்னால் அந்த ஜெர்மனிக்காரர்களுக்கு வருகிறேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடு. அந்தச் சிப்பியைப் பற்றி இன்னும் தெரிய வேண்டியது இருக்கிறது என்று நீதானே சொல்வாய், போய்ப் பார். அதை அனுப்பிவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சண்டையை ஆரம்பி. எனக்குப் பதில் சொல்ல நேரமாகும். காத்திரு.

நைனா